கைமாறிய சுரிகுழல்: அதன் தரமும் மதிப்பும் அறியுமாறு

பொன்னின் மாற்றைக் கட்டளைக்கல் காட்டும்; முத்தின் தரத்தை அதன் நீரோட்டம் காட்டும்; ஏட்டுச் சுவடியின் பழமையை எழுத்தின் வடிவம் காட்டும். இவை நம்மவர் நெடுங்காலமாக அறிந்தன. ஒரு நாட்டிற் செய்யப்பட்டு, மற்றொரு நாட்டுப் படைவீரன் தோளில் தொங்கி, பின்னர் வணிகரால் மொத்தமாக வாங்கப்பெற்றுக் கடல் கடந்து வந்து, மூன்றாவது நாட்டிலே விலைக்கு வைக்கப்படும் ஒரு பழந்துப்பாக்கியின் தரத்தை எது காட்டும்? இவ்வினா நம் நாட்டார்க்குப் புதிதாகத் தோன்றலாம். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இரண்டாம் உலகப் பெரும்போர் முடிந்த பின்னர், எண்ணிறந்த மக்கள் இவ்வினாவைத் தம் பணப்பையைக் கையிற் பிடித்துக்கொண்டே வினவியுள்ளனர். அவர்கள் கண்ட விடைகளும் காணத் தவறிய விடைகளும் சரித்திர ஆராய்ச்சியில் ஈடுபட்டார்க்குப் பெரிதும் பயன்படுவன. பழந்துப்பாக்கி என்பது இரும்பிலும் மரத்திலும் எழுதப்பெற்ற சாசனம். அதனைப் படிக்கும் முறை செப்பேடு படிக்கும் முறையினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று.

மேற்செல்லுமுன் சொல்லொன்றை விளக்குதல் வேண்டும். ரைபிள் என்று உலகோர் வழங்கும் துப்பாக்கியைத் தமிழிற் சுரிகுழல் துப்பாக்கி என்பர். சுரிகுழல் என்றவுடன் மாதர் கூந்தலையே நினைந்து பழகிய புலவர் சிறிது திடுக்கிடக்கூடும். சுரிதலாவது வளைந்து சுழலுதல். சுரிசங்கு என்னும் வழக்கை நோக்குக. இத்துப்பாக்கியின் குழலினுள்ளே திருகுபோலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் வெட்டப்பெற்றிருக்கும். அவற்றைப் பற்றிக்கொண்டு செல்லும் குண்டு பம்பரம்போற் சுழலும். சுழல்வதனால் நெறி பிறழாது செல்லும். இப்பள்ளங்களும் இவற்றினிடையே நிற்கும் வரம்புகளும் தேய்ந்தொழியுமாயின் எத்துணை அழகிய துப்பாக்கியும் வெறும் இரும்புத்தடியே.

பழந்துப்பாக்கி வாங்குவோன் கேட்கற்பாலன மூன்று: சுடுவானுக்கு ஊறு செய்யாதா? குறியிற் சுடுமா? யார் யார் கைப்பட்டு வந்தது? முன்னைய இரண்டும் கருவியின் தரம் பற்றியன. பின்னையது அதன் மதிப்புப் பற்றியது. இவற்றை ஒன்றாகக் குழப்பியதனாலேயே பலர் பொருளிழந்தனர். அதனினும் பெரிதாக, பல்லாயிரம் சான்றுகள் அழிந்தன. எவ்வாறு என்பதை ஒரே வகைத் துப்பாக்கியைக் கொண்டு காட்டுதும்.

மோசின்-நகான் என்று மேலை நாட்டார் வழங்கும் ருஷியத் துப்பாக்கி 1891-ஆம் ஆண்டு ருஷியப் பேரரசின் படைக்குரியதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. செர்கே மோசின் என்னும் ருஷியப் படையதிகாரியும், பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரத்து லியோன் நகான் என்பாரும் போட்டியிட்டு அளித்த அமைப்புகளினின்றும் இஃது உருவாயிற்று. ஆயின், அரசாங்கம் இட்ட பெயரில் இவ்விருவர் பெயரும் இல்லை. 'மூன்று கோட்டுத் துப்பாக்கி, 1891-ஆம் ஆண்டு மாதிரி' என்பதே அப்பெயர். கோடு என்பது அக்காலத்து ருஷிய அளவையில் அங்குலத்திற் பத்திலொரு கூறு. மூன்று கோடு இன்றைய கணக்கில் 7.62 மில்லிமீட்டர். தூரமும் அக்காலத்தில் அர்ஷின் என்னும் அளவையாற் கணக்கிடப்பட்டது. ஓர் அர்ஷின் ஏறக்குறைய 71 சென்டிமீட்டர். ஆதலின் பழைய துப்பாக்கிகளின் குறிப்பலகையில் உள்ள எண்கள் அர்ஷினைக் குறிப்பன. 1930-இல் திருத்தப்பெற்ற மாதிரியிலே மீட்டர் புகுந்தது. வேறொன்றையும் பாராமல் குறிப்பலகை ஒன்றனையே நோக்கி, இஃது எக்காலத்து அளவையைப் பேசுகின்றது என்று அறியலாம்.

இத்துப்பாக்கி தூலா, இஷெவ்ஸ்க், செஸ்த்ரொரெத்ஸ்க் என்னும் மூன்று ருஷியத் தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டது. பேரரசின் காலத்தில் தூலாவின் முத்திரை சுத்தியல். இஷெவ்ஸ்க்கின் முத்திரை நாணேற்றிய வில்லும் அம்பும். செஸ்த்ரொரெத்ஸ்க்கின் முத்திரை அம்பு மட்டும். சோவியத் ஆட்சியிலே தூலா விண்மீனையும், இஷெவ்ஸ்க் முக்கோணத்தினுள் அம்பையும் பொறித்தன. வில்லும் அம்பும் எனவே நம் நாட்டார்க்குச் சேரனுடைய இலச்சினை நினைவுக்கு வரும். இலச்சினை நோக்கிக் காசின் குலம் அறிவது போன்றதே இதுவும். முதலிலே ருஷியாவிற் போதிய தொழில்வசதி இல்லாமையால் பிரான்சு நாட்டுச் சாத்தெல்ரோ தொழிற்சாலையில் 5,00,000 துப்பாக்கிகள் செய்விக்கப்பட்டன. முதல் உலகப் பெரும்போர் மூண்டபோது ருஷியப் படைக்குத் துப்பாக்கி போதவில்லை. அப்பொழுது அமெரிக்காவிலே ரெமிங்டன் நிறுவனத்தாரிடம் 15 இலட்சமும், நியூ இங்கிலாந்து வெஸ்டிங்கவுஸ் நிறுவனத்தாரிடம் 18 இலட்சமும் செய்து தரும்படி ஒப்பந்தம் செய்யப்பட்டது. 1917-இல் ருஷியாவிற் புரட்சி நிகழ்ந்து ஒப்பந்தம் முறிந்தது. தேங்கிக் கிடந்தவற்றுள் ஏறத்தாழ 2,80,000 துப்பாக்கிகளை அமெரிக்க அரசாங்கமே வாங்கிக்கொண்டது. 1918-இல் ஆர்க்கேஞ்சல் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கப் படையினர் தம் நாட்டிற் செய்த ருஷியத் துப்பாக்கியையே ஏந்திச் சென்றனர்.

ஆனால் முன்னரே கப்பலேறி ருஷியா சென்றவற்றின் வரலாறு இதனினும் வியப்புடையது. அவற்றுட் சில பின்லாந்தின் கையிற் சிக்கின. 1917 டிசம்பரில் விடுதலை அறிவித்த பின்லாந்து, மறு ஆண்டில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரிலே ருஷியப் படையிருப்புகளிலிருந்து பெருந்தொகையான துப்பாக்கிகளைக் கைப்பற்றியது. பின்னரும் பல நாடுகளிடமிருந்து விலைக்கு வாங்கியது. பேரரசின் இருதலைக் கழுகு பொறித்த கருவியைக்கொண்டே அப்பேரரசின் வழிவந்தாரை எதிர்க்க வேண்டிய நிலை அதற்கு வாய்த்தது.

பின்லாந்தார் சிறு நாட்டினர். எதனையும் வீணாக்க இயலாதவர். ஆகவே அவர் செய்த வேலை இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலையாகும். குழல் பின்புறத்தே திருகப்பெறுவதும் தாழ் உள்ளே இயங்குவதும் ஆகிய இரும்புப் பகுதியை ஈண்டு 'உடல்' என்று வழங்குவோம். பின்லாந்தார் ஒருபோதும் உடலைப் புதிதாகச் செய்தாரல்லர்; பழைய ருஷிய உடலிலேயே தாம் செய்த அல்லது அயல்நாட்டில் செய்வித்த புதுக்குழலைத் திருகினர். மரக்கட்டை பழுதுற்றவிடத்துப் பழையதன் நல்ல பாகத்தோடு புதுமரத்தைச் சேர்த்து, இரு கை விரல்களைக் கோத்தாற்போல் இணைத்தனர். குறிப்பலகையின் அர்ஷின் எண்களை விடுத்து மீட்டர் எண்களைப் பொறித்தனர். தம் படைக்குரியது என்பதற்கு அடையாளமாகத் தம் மொழியிற் 'பின்லாந்துப் படை' என்பதன் முதலெழுத்துகளாகிய எஸ், ஏ என்னும் இரண்டையும் சதுரத்தினுள் இட்டு முத்திரையிட்டனர். 1939-ஆம் ஆண்டு மாதிரி எனப்படும் அவர்தம் துப்பாக்கி, இவ்வினத்துள் மிகச் சிறந்தது என்பது சுடுவாரிற் பெரும்பாலார் கொள்கை. கனத்த குழலும் செம்மையான விசையும் உடையது அது. அத்துப்பாக்கியின் குழலில் 1942 அல்லது 1943 என்று ஆண்டு பொறித்திருப்பினும், மரக்கட்டையைக் கழற்றி உடலின் வாற்பகுதியைக் கவிழ்த்து நோக்கினால், அவ்விடத்து வேறோர் ஆண்டும் வேறொரு தொழிற்சாலையின் முத்திரையும் காணப்படும். அவ்வாண்டு 1896 ஆகவும் இருக்கலாம். 1916 ஆகவும் இருக்கலாம்.

மறைந்திருக்கும் இச்சிற்றெண்ணால் விளையும் பயன் நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது. 1968-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், 1898-ஆம் ஆண்டிலோ அதன் முன்னரோ செய்யப்பட்ட துப்பாக்கியைத் தொல்பொருள் எனக் கொண்டு, ஏனையவற்றுக்குள்ள கட்டுப்பாடுகளினின்றும் விலக்கியது. செய்த காலம் உடலைக்கொண்டே கணிக்கப்படுதலின், 1942-இல் குழல் திருகப்பெற்று 1940-களிற் போர் செய்த கருவி, உடல் 1896-ஐச் சார்ந்ததாயின் சட்டத்தின் கண்ணிலே தொல்பொருளாகும். புறத்தோற்றத்தில் ஒருபடித்தாக உள்ள இரு துப்பாக்கிகளுள் ஒன்றற்கு மிகுவிலையும் மற்றொன்றற்குக் குறைவிலையும் உண்டாவது மரத்தின் கீழ் உள்ள நான்கு இலக்கங்களால். கடையிலே மேற்புறத்தை மட்டும் துடைத்துப் பார்த்து வாங்குவோன் இதனை எங்ஙனம் அறிவான்?

இனிச் சோவியத் நாட்டார் செய்ததைக் காண்போம். பெரும்போர் முடிந்தபின் கோடிக்கணக்கான துப்பாக்கிகள் அவரிடம் எஞ்சின. போர்க்களத்திலிருந்து திரட்டப்பட்ட அவற்றைப் பிரித்து, பழுதுற்ற உறுப்பை மாற்றி, கரியநிறம் ஏற்றி, மரக்கட்டைக்கு அரக்குநெய் பூசி, கெட்டியான காப்புநெய்யில் மூழ்குவித்துப் பெட்டிகளில் அடுக்கி, மற்றொரு பெரும்போர் வருமென்று எதிர்நோக்கிக் கிடங்குகளில் வைத்தனர். அப்போர் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து அப்பெட்டிகள் வணிகர் கைக்கு வந்தன.

தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளிலே ஒரு துப்பாக்கியின் குழலிலும், தாழிலும், தோட்டாப் பெட்டியின் அடித்தகட்டிலும், கட்டையின் அடியிலுள்ள இரும்புத் தகட்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருந்தது. செப்பனிடும்போது ஒன்றன் தாழ் மற்றொன்றிற் சென்று பொருந்தியது. ஆதலின் பழுதுபார்த்தோர் பழைய எண்ணைக் கோடிட்டடித்தோ, அராவியோ, குழலின் எண்ணை அவ்வுறுப்புகளில் மீண்டும் பொறித்தனர். சிலவிடத்து மின்னூசியால் கீறினர். அவர் நோக்கம் ஏமாற்றுதல் அன்று, கணக்கு வைத்துக்கொள்ளுதலே. ஆனால் அமெரிக்க வணிகர் இவற்றை 'எண்கள் அனைத்தும் பொருந்தியவை' என விளம்பரம் செய்து கூடுதல் விலை கேட்டனர். எண் பொருந்துவது உண்மையே. ஆனால் அப்பொருத்தம் பிற்காலத்தது. கற்றறிந்தோர் எண்ணை மட்டும் பாரார். எண்ணின் எழுத்து வடிவத்தைப் பார்ப்பர். குழலின் எண் ஓர் அச்சாலும் தாழின் எண் வேறோர் அச்சாலும் பொறிக்கப்பட்டிருப்பின் வேறு சான்று வேண்டுவதில்லை. பிற்காலத்தார் ஒருவர் பழஞ்சுவடியின் சிதைந்த ஏட்டைப் புதிதாக எழுதிச் சேர்க்கும்போது, எத்துணை முயன்றாலும் தம் கையெழுத்தை மறைத்தல் அரிதன்றோ!

பேரரசின் கழுகு முத்திரை சிலவற்றில் அராவி அழிக்கப்பட்டிருத்தலும் காணலாம். புதிய ஆட்சியார் பழைய ஆட்சியாரின் அடையாளத்தைப் போக்கியது இது. மழமழப்பாக இருக்க வேண்டிய இடத்திலே சிறு பள்ளம் தோன்றினால், அது குறையென்று கருதி விலைகுறைப்பாரும் உளர். எம் கருத்தில் அப்பள்ளமே அவ்விரும்பின் சிறந்த வாசகம்.

ஈண்டு ஒரு நடுநிலை கூறுதல் வேண்டும். சுடுவதற்கு வாங்குவோனுக்குச் செப்பனிட்ட துப்பாக்கி சிறந்ததாகவே இருக்கலாம். சான்றாக வைப்போனுக்கு ஒட்டுப்போட்டு ஒட்டுத் தெரியுமாறு விட்ட பின்லாந்துத் துப்பாக்கியே சிறந்தது. முன்னையது நலமாகத் தோன்றித் தன் வரலாற்றை மறைக்கிறது; பின்னையது வடுக்களோடு நின்று தன் வரலாற்றைச் சொல்கிறது. இவ்விரண்டனையும் ஒரே துலாக்கோலில் நிறுப்பாரை நாம் என்சொல்வது!

கருவியின் தரத்தைச் சோதிக்கும் முறைகளையும் கூறாது விடுதல் தகாது. இவற்றுட் சில உயிரைக் காப்பன. முதலாவது, தோட்டா அறையின் ஆழம். தோட்டா உட்புகுந்து தாழ் பூட்டியபின், தாழின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே மிகுந்த வெளி இருத்தலாகாது. இருப்பின் வெடிக்கும்போது பித்தளைக்கூடு கிழிந்து நெருப்புக்காற்று பின்னோக்கிப் பாயும். மூன்று கோட்டுத் தோட்டாவுக்கு அடியிலே விளிம்பு உண்டு. ஆதலின் இவ்வெளி அவ்விளிம்பின் தடிப்பைக்கொண்டே அளக்கப்படும். இதற்கென அளவுகட்டைகள் உண்டு. ஓர் அளவுகட்டையின்மேல் தாழ் பூட்டவேண்டும்; மற்றொன்றன்மேல் பூட்டலாகாது. தாழை மாற்றிய துப்பாக்கியில் இச்சோதனை செய்யாமற் சுடுதல் அறியாமையின் உச்சம்.

இரண்டாவது, அடிக்கும் ஊசி எவ்வளவு வெளியே நீள்கிறது என்பது. ருஷியர் வீரனுக்குக் கொடுத்த கருவிப்பையில் உள்ள திருப்புக்கருவியின் விளிம்பிலே 75, 95 என்னும் எண்களோடு இரு வெட்டுகள் இருக்கும். அவை அங்குலத்தின் ஆயிரத்திலொரு கூற்றால் அளந்தவை. 95 என்னும் வெட்டை ஊசி தீண்டாது செல்லவேண்டும். 75 என்னும் வெட்டைத் தீண்டவேண்டும். நீண்டால் தோட்டாவின் வெடிமூடியைத் துளைக்கும், குறைந்தால் வெடியாது. எழுத்தறியாத உழவர் மகனும் போர்க்களத்திலே நின்று செய்யத்தக்கதாக இச்சோதனையை அமைத்த பேரறிவை எத்துணைப் பாராட்டினும் தகும்.

மூன்றாவது, குழலின் உள். தாழை எடுத்துவிட்டு வெளிச்சத்தை நோக்கிக் குழலினூடே பார்த்தால் வரம்புகள் கூர்மையாய்ச் சுழன்று செல்லவேண்டும். இருண்ட குழல் அனைத்தும் தீயன அல்ல. வரம்பு கூர்மையாயின் இருண்ட குழலும் நேரே சுடும். பளபளக்கும் குழல் அனைத்தும் நல்லன அல்ல. பழைய வெடிமூடிகளில் பொட்டாசியம் குளோரேட் என்னும் உப்பு இருந்தது. அது வெடித்தபின் எஞ்சும் வேறோர் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். அவ்வுப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீரே கரைக்கும். விலையுயர்ந்த எண்ணெயாகப் பூசிப் பூசிக் குழலைக் கெடுத்தவர் பலர். வெந்நீர் ஊற்றிக் கழுவிப் பின் துடைத்து எண்ணெயிட்ட வீரனுடைய துப்பாக்கியே பிழைத்தது.

நான்காவது, குழலின் வாய். இத்துப்பாக்கி வாய்ப்புறமாகவே தண்டு செலுத்தித் துடைக்கப்பட்டது. இரும்புத்தண்டு பல்லாண்டு உராய்ந்து வாய்விளிம்பைத் தேய்த்திருக்கும்; குண்டு இறுதியாகத் தொட்டுச் செல்லும் இடம் அதுவாகலின், அங்குள்ள தேய்வு குறியைப் பெரிதும் கெடுக்கும். தோட்டா ஒன்றன் குண்டுமுனையை வாயிற் செருகிப் பார்த்தல் எளிய சோதனை. பித்தளைக்கூடு வாயைத் தொடும்வரை உட்சென்றால் தேய்வு மிகுதி. தேய்ந்த வாயைச் சிறிது ஆழம் அகலக் குடைந்து, வரம்புகள் நன்றாயுள்ள இடத்திலிருந்து சுரி தொடங்குமாறு செப்பனிட்டனவும் உள. அவை நன்றாகச் சுடும்; ஆயினும் சேகரிப்போர் விலை குறைப்பர். தாழ் எளிதில் திறவாமையைப் பெருங்குறை என்று கருதித் திருப்பிக் கொடுத்தாரும் உளர். பெரும்பாலும் அதன் காரணம் தோட்டா அறையில் இறுகிக் கிடக்கும் பழைய காப்புநெய்யே.

விலையின் வரலாறு தரத்தின் வரலாற்றோடு ஒத்துச் செல்லவில்லை. பெரும்போருக்குப்பின் ஐரோப்பிய அரசாங்கங்கள் பழந்துப்பாக்கிகளைக் கழித்துவிட முற்பட்டன. சாமுவேல் கம்மிங்ஸ் என்னும் அமெரிக்கர் 1953-இல் ஒரு நிறுவனம் தொடங்கி அவற்றை மலைமலையாக வாங்கி, வர்ஜீனியா மாகாணத்து அலெக்சாந்திரியா நகரிலே கிடங்குகளில் நிரப்பினார். நாளிதழிலும் மாத இதழிலும் விளம்பரம் பார்த்துப் பணவிடை அனுப்பினால் தபாலிலே துப்பாக்கி வந்துசேரும் காலம் அது. மலிவாகையால் ஒருவரும் அவற்றைப் பழம்பொருளாகக் கருதவில்லை. வேட்டைக்கு எளிதாக வேண்டுமென்று முன்கட்டையை அறுத்தெறிந்தனர், குழலைக் குறைத்தனர், தாழின் கைப்பிடியைச் சூடேற்றி வளைத்தனர், முத்திரை பொறித்த மரத்தை உப்புத்தாள் தேய்த்து மெருகெண்ணெய் பூசினர். இவ்வாறு 'அழகுசெய்யப்பட்ட' துப்பாக்கிகள் இன்று அறுக்கப்படாதவற்றின் விலையிற் சிறுகூறே பெறுகின்றன. பணநட்டம் போகட்டும், எந்தப் படைப்பிரிவு, எந்தக் கிடங்கு, எந்தச் சோதனையாளர் என்று மரத்தில் இருந்த முத்திரைகள் மரத்தூளாய்ப் போயின. கோயில் திருப்பணி என்ற பெயரால் கல்வெட்டுகளைப் பொளிந்து சுண்ணாம்பு பூசினாரை அறிந்த நாம், அமெரிக்கரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது.

1963-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே சிக்காகோ நகரத்துக் கிளைன்ஸ் என்னும் கடையிலிருந்து ஓர் இத்தாலிய நாட்டுப் பழந்துப்பாக்கி தபாலில் அனுப்பப்பட்டது. டெர்னி நகரத் தொழிற்சாலையில் 1940-இல் செய்யப்பெற்ற கார்கானோ வகையது; எண் சி 2766. துப்பாக்கி மட்டுமாயின் விலை 12 டாலர் 78 காசு. தொலைநோக்கியோடு 19 டாலர் 95 காசு. அனுப்பும் செலவும் சேர்ந்து 21 டாலர் 45 காசு. வாங்கியோன் பொய்ப்பெயர் கொடுத்த லீ ஹார்வி ஆஸ்வால்ட். அவ்வாண்டு நவம்பர் 22-ஆம் நாள் டல்லாஸ் நகரிலே அமெரிக்கத் தலைவர் ஜான் கென்னடி இதனாற் சுடப்பட்டு இறந்தார் என்று விசாரணைக் குழுவினர் 1964-இல் முடிவுகூறினர். அதுகாறும் கார்கானோ துப்பாக்கி எதற்கும் உதவாத மலிவுச் சரக்கு என்று இகழப்பட்டு வந்தது. அவ்விகழ்ச்சியையே காரணமாகக் காட்டி இத்துப்பாக்கியால் அத்தொழில் இயலாதென்று வாதித்தாரும் இருந்தனர். விசாரணையின்போது சோதித்தவர்கள், தொலைநோக்கி சரியாகப் பொருத்தப்படாமையையும், துப்பாக்கி குறியிற் சுடுதலையும் ஒருங்கே கண்டனர். ஒரு பொருளின் மலிவும் அதன் தரமும் வெவ்வேறென்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுமோ? 1965-இல் தனிச்சட்டம் இயற்றி அரசாங்கம் அதனைத் தன் உடைமையாக்கிற்று. அஃது அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

அக்கொலையும் அதன்பின் நிகழ்ந்த கொலைகளும் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிசெய்தன. தபால் வழி விற்பனை கட்டுப்படுத்தப்பட்டது. அயல்நாட்டுப் படைகள் கழித்த துப்பாக்கிகளின் இறக்குமதி நின்றது. 1984-இல் தொல்பொருட் சார்பானவற்றுக்கு மட்டும் கதவு மீண்டும் திறந்தது. ஆனால் இறக்குமதி செய்வோர் தம் பெயரையும் ஊரையும் துப்பாக்கியிற் பொறித்தல் வேண்டும் என்றாயிற்று. குழலின்மேல் பெரிய எழுத்திற் கொட்டை கொட்டையாகப் பொறித்தாரும் உளர். கண்ணுக்குத் தெரியாவண்ணம் சிறிய எழுத்திற் பொறித்தாரும் உளர். இப்பொறிப்பு இல்லாதது 1968-க்கு முன் வந்ததாகலாம் என்பதனால் சேகரிப்போர் அதற்கு மிகுவிலை தருவர். அமெரிக்காவிலேயே செய்யப்பட்டு, ருஷியா சென்று, பின்லாந்தின் படையிற் பணியாற்றி, 1980-களுக்குப் பின் திரும்பிவந்த வெஸ்டிங்கவுஸ் துப்பாக்கிக்கும் இறக்குமதி முத்திரை இட்டனர். பிறந்த ஊருக்கு மீண்டவனை அயலான் எனக் குறித்த பட்டயம் அது.

சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் கிடங்குகள் திறந்தன. 2000-ஆம் ஆண்டினை ஒட்டி 1930-ஆம் ஆண்டு மாதிரி மோசின் துப்பாக்கி அமெரிக்காவில் நூறு டாலருக்குக் குறைவாகவே கிடைத்தது. அக்காலத்திலேதான் போலிகளும் பெருகின. தொலைநோக்கி பொருத்திய குறிசுடுவோர் துப்பாக்கிக்கு மிகுவிலை உண்டாகையால், சாதாரணத் துப்பாக்கியின் உடலில் புதிதாகத் துளையிட்டுத் தொலைநோக்கி மாட்டி விற்றனர். உண்மையானவற்றிலே தொலைநோக்கியின் எண் துப்பாக்கியின் உலோகத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். தொலைநோக்கியைக் கழற்றிவிட்டுச் சாதாரணத் துப்பாக்கியாக மாற்றியவற்றிலே துளைகள் அடைக்கப்பட்டுத் தடம் தெரியும். விற்போன் சொல்லும் கதைக்கு விலை கொடுத்தாரும், தடத்துக்கு விலை கொடுத்தாரும் அக்காலத்தே தெளிவாகப் பிரிந்தனர். பின்னர்ச் சரக்கு வற்றியது; விலை மூன்று மடங்குக்கு மேலும் ஏறிற்று. 2021-இல் ருஷியத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்க அரசாங்கம் நிறுத்தியது.

நம் நாட்டில் செய்யப்பெற்ற துப்பாக்கி ஒன்றும் இவ்வணிகத்திற் சென்று சேர்ந்தது. வங்காளத்து ஈஷாப்பூர் தொழிற்சாலையார் 1960-களிலே, லீ-என்பீல்டு என்னும் ஆங்கிலேயரின் பழைய அமைப்பைத் தழுவி, 7.62 மில்லிமீட்டர் நேட்டோ தோட்டாவுக்கென '2ஏ' என்றும் '2ஏ1' என்றும் பெயரிய துப்பாக்கிகளைச் செய்தனர். அமெரிக்கக் கடைகளிற் கண்டோர் பலர் இவற்றை உலகப் போர்க்காலத்து .303 துப்பாக்கியைக் குழல் மாற்றித் திருத்தியது என்று கொண்டு, பழைய உடல் புதிய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்குமோ என்று ஐயுற்று விலை குறைத்துக் கேட்டனர். அவை பழையவற்றைத் திருத்தியவை அல்ல. அத்தோட்டாவுக்கென்றே வலிய எஃகினாற் புதிதாகச் செய்யப்பெற்றவை. தோட்டாப் பெட்டி சதுரமாய்ப் பன்னிரண்டு தோட்டா கொள்வது. 2ஏ-இன் குறிப்பலகை 2000 மீட்டர் வரையிலும், 2ஏ1-இன் குறிப்பலகை 800 மீட்டர் வரையிலும் எண்ணிட்டது. மரக்கட்டை வந்து சேரும் இடத்திலுள்ள இரும்பு வளையத்திலே தொழிற்சாலையின் பெயரும் மாதிரியின் பெயரும் செய்த ஆண்டும் வரிவரியாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.